ஓடைக்குத் தெற்கே நடந்த கல்யாணம்

தவுட்டு,

கோயிலுக்கு வெள்ளையடிக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்து உள்ளே போனதும் ஈரச் சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறியது. கோயில் திருவிழா, நோம்பி வருகிறது. நீ போனபிறகு வருகிற முதல் நோம்பி. வாளியை இறக்கி வைத்துவிட்டுப் பின்சுவர் ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அழவில்லை. அந்த வாசத்துக்கு உன் கல்யாணம்தான் ஞாபகம் வந்தது. அதுவும் முதல் கல்யாணம்.

உனக்கு ரெண்டு கல்யாணம் நடந்தது, ரெண்டும் ஒரே மாப்பிள்ளையோடுதான் என்று சொன்னால் இப்போது இருக்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நம்பமாட்டேன் என்கிறார்கள். அதனால் ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து கோணிக்கொண்டுதான் போகும். மூன்றாவது வகுப்போடு நின்றவள். இத்தனை காலமும் எனக்கு வேண்டிய கடிதமெல்லாம் நீதான் எழுதித் தந்தாய். இப்போது உனக்கு எழுத யாரைக் கூப்பிடுவது?

ஞானஸ்நானத்தில் உனக்கு வைத்த பேர் நல்ல பேர். ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. உனக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போனதால், நீ பிறந்ததும் உன்னை எங்கள் அம்மாவிடம் ஒரு முறம் தவுட்டுக்கு விற்றார்கள். எங்கள் அம்மா வாங்கி, மடியில் போட்டு, உடனே திருப்பிக் கொடுத்துவிட்டாள். விற்ற பிள்ளையை எமன் தேடிவரமாட்டானாம். அப்போது பங்குச் சாமியாராக இருந்த தாடிச் சாமியாருக்கு இது தெரிந்து, "இது என்ன அஞ்ஞானம்?" என்று கோபப்பட்டாராம். உன் அம்மா, "தவுடு எங்க ஊட்டுத் தவுடுங்க சாமி, புள்ளையும் எங்க புள்ளை, அஞ்ஞானம் எங்கிருந்து வந்துச்சு?" என்றாளாம். அன்றிலிருந்து நீ தவுட்டு. கணக்குப்படி பார்த்தால் எனக்குத் தங்கச்சி.

நம் ஊர் அப்போது கிளை ஊர். பங்குக் கோயில் வடக்கே, மாட்டு வண்டியில் போனால் அரை நாள். தாடிச் சாமியார் அங்கே இருந்தார். பிரான்சுக்காரர். தாடி நெஞ்சு வரைக்கும் இருக்கும். அவர் பங்கில் நம் ஊர் மாதிரிப் பல ஊர் இருந்ததால் மாசத்துக்கு ஒரு தடவைதான் நம் ஊருக்குப் பூசை. அன்றைக்குத்தான் பாவசங்கீர்த்தனம், ஞானஸ்நானம், கல்யாணம், சண்டைத் தீர்ப்பு எல்லாம். மற்ற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் உபதேசியார் செபம் சொல்வார். சின்னப் பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, சாகக் கிடக்கிறவர்களுக்குச் சாமியாரைக் கூப்பிட ஓடுவது, சாமியார் வருவதற்குள் உயிர் போய்விட்டால் தானே செபம் சொல்லி அடக்கம் பண்ணுவது, எல்லாம் அவர். மணி அடிப்பதும் விளக்கு வைப்பதும் கோயில்பிள்ளை வேலை. என்னைக் கட்டினவர் கோயில்பிள்ளை. அதனால் கூட்டுவது, பெருக்குவது, பூ மாற்றுவது என் வேலை. இன்றுவரை அப்படித்தான்.

நம் வீடுகள் ஓடைக்கு வடகரையில். கோயில் மட்டும் தென்கரையில். பெரிய கவுண்டருடைய தாத்தா, சோளம்கூட விளையாத மேட்டுப் பூமியைக் கோயிலுக்கு என்று எழுதி வைத்தார். அது தெற்கே இருந்தது. வருசத்தில் பாதி நாள் ஓடையில் மணல்தான், நடந்து போய்விடுவோம். கொல்லிமலையில் மழை பெய்து தண்ணீர் வந்துவிட்டால், முன்னாலேயே கோயிலுக்குப் போயிருந்த உபதேசியார் அந்தக் கரையில் நின்று செபமாலையைத் தொடங்குவார். நாம் இந்தக் கரையில் மண்டியிட்டுப் பதில் சொல்வோம். தண்ணீர்ச் சத்தத்தில் அவர் சொல்வது நமக்குக் கேட்காது. "போதும்டி, அவரு முடிச்சுட்டாரு" என்று நீதான் முதலில் எழுந்திருப்பாய்.

தபசு காலத்தில் சேலத்திலிருந்து கன்னியாஸ்திரிகள் மருந்துப் பெட்டியோடு வருவார்கள். வீடு வீடாக அந்தப் பெட்டியைச் சுமந்தது நீ. சக்கிலித் தெரு, கவுண்டர் தெரு என்று பார்க்காமல் எல்லாத் தெருவுக்கும் போவீர்கள். ஒரு தடவை மாடு மேய்க்கிற கிழவனுக்குக் காலில் பெரிய கட்டி. சிஸ்டர் கீறிவிட்டபோது நீதான் காலைப் பிடித்துக்கொண்டாய். நான் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். சிஸ்டர் உன் கையைப் பார்த்துவிட்டு, "எட்டாவது படிச்சிருக்கியா? அப்ப எங்க ஆஸ்பத்திரிக்கு வா. நர்சு வேலை கத்துத் தர்றோம். கல்யாணம் ஆகாத பிள்ளைங்களைத்தான் எடுப்போம்" என்றார்கள்.

அன்றையிலிருந்து உனக்கு அதே நினைப்பு. உன் அப்பா பேச்சை ஒரே வரியில் முடித்தார். "ஊரான் ரத்தத்தைத் தொடைக்கறதுக்கா பொட்டப்புள்ளை வளத்தேன்?" பிறகு அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் தச்சு வேலை. நம் வேதக்காரர். குடிக்கமாட்டார். பேசவும்மாட்டார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் சொன்ன ஒரே வார்த்தை "தண்ணி" என்பதுதான் என்று நீ என்னிடம் சொன்னாய். சிரிக்காமல் சொன்னாய்.

அந்தச் சமயத்தில்தான் பங்கைப் பிரித்தார்கள். எருமப்பட்டிப் பக்கம் புதுப் பங்கு, புதுச் சாமியார். தாடிச் சாமியாருக்கும் வயசாகிவிட்டது, அத்தனை ஊருக்கும் அவரால் அலைய முடியவில்லை. சாமியார்களுக்கெல்லாம் மேலே சேலத்தில் இருக்கிற மேற்றிராணியாருடைய கட்டளையை அவரேதான் பூசை முடிந்ததும் பீடத்தில் நின்று வாசித்தார். ஓடைக்குத் தெற்கே உள்ளதெல்லாம் இனிப் புதுப் பங்கு. வடக்கே உள்ளது பழையபடி பழைய பங்கு.

வெளியே வந்ததும் சனங்கள் உபதேசியாரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அப்ப நாம எதுங்க?"

"நாம வடக்கே. நமக்கு ஒண்ணும் மாத்தமில்லை. போங்க, போய் வேலையைப் பாருங்க."

கோயில் வாசலில், தென்கரையில் நின்றுகொண்டு நாம் வடக்கே என்று சொல்லிக்கொண்டோம். ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கோயிலில் யார் குடியிருக்கிறார்கள்? வீடு எங்கே இருக்கிறதோ அதுதான் ஊர் என்று இருந்துவிட்டோம். தாடிச் சாமியாரும் அப்படித்தான் இருந்துவிட்டார்.

அடுத்த மாசம் உன் கல்யாணம். கோயிலுக்கு வெள்ளையடித்தோம். மழைமூட்டத்தில் சுவர் காயவே இல்லை. மாப்பிள்ளை வெட்கப்பட்டுச் சுவரோரமாகவே நின்றதில் அவருடைய புதுச்சட்டை முதுகெல்லாம் வெள்ளை ஒட்டிக்கொண்டது. தாலி கட்டிவிட்டுத் திரும்பினபோது சனங்கள் சிரித்தார்கள். நீயும் பார்த்துச் சிரித்துவிட்டாய். அன்றைக்கு நீ சிரித்தது அது ஒன்றுதான். பிறகு வண்டியில் ஏறி நாமக்கல்லுக்குப் போனாய்.

புதுப் பங்குச் சாமியார் சைக்கிளில் வந்தார். சின்ன வயசு, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சின்னச் சாமியார் என்றுதான் நாம் சொன்னோம். எல்லைக்குள் இருக்கிற கோயிலையெல்லாம் ஒரு சுற்றுப் பார்க்க வந்தவர். நான் அப்போது வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். தோரணம் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரும்மா வெள்ளையடிச்சது? புதுசா இருக்கே."

"கல்யாணம் நடந்துச்சுங்க சாமி. அதுக்கு அடிச்சோமுங்க."

"கல்யாணமா? இங்கேயா? எந்தச் சாமியார் வச்சாரு?"

"நம்ம சாமியார்தானுங்க. தாடிச் சாமியார்."

அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஓடையைப் பார்த்தார். பிறகு கோயிலைப் பார்த்தார். திரும்ப ஓடையைப் பார்த்தார். "என்னைக்கு நடந்தது?" என்று கேட்டார். சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஏதோ தலைச்சுற்றல் என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுவர ஓடினேன்.

உபதேசியாரை வரவழைத்து அவர் சொன்னதை நானும் கேட்டேன். பங்குச் சாமியாருக்குக் கல்யாணம் வைக்கிற அதிகாரம் அவர் எல்லைக்குள்தான். எல்லையைத் தாண்டினால், அந்த இடத்துச் சாமியார் அனுமதி கொடுக்க வேண்டும். ஆள் எந்த ஊர் என்பது கணக்கில்லை, நிற்கிற மண் எந்தப் பங்கு என்பதுதான் கணக்கு. உபதேசியார் ஓடைப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டார்.

"அப்ப வடகரையில புளியமரத்தடியில வெச்சுத் தாலி கட்டியிருந்தா?"

"செல்லும்."

"இங்க, பீடத்துக்கு முன்னால கட்டினது?"

"சந்தேகம்தான். நான் சேலத்துக்குப் போய் மேற்றிராணியாரைக் கேட்டுட்டு வாறேன். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை அவங்க அம்மா வீட்டுல இருக்கட்டும். யார் மேலேயும் பாவம் இல்லை. தெரியாம நடந்தது."

அப்படித்தான் நீ திரும்பி வந்தாய். டிரங்குப் பெட்டியோடு, உன் மாமியாரோடு. உங்கள் வாசலில் அன்றைக்கு நடந்த சண்டை எனக்கு இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"செல்லாத கல்யாணம்னா தாலியும் செல்லாததுதானுங்களே. கழட்டிக் குடுங்க, எங்க பவுனு, நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள் உன் மாமியார்.

"ஐயோ என்ற சாமி! உசுரோட இருக்கறவனுக்குத் தாலியைக் கழட்டுவாங்களா? ஊரு என்னன்னு சொல்லும்?" என்று உன் அம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஊரு சொல்றதுக்கு என்ன இருக்குது? உங்க ஊருக் கோயிலு எந்த ஊருல இருக்குதுன்னே உங்க ஊருக்குத் தெரியலையே!"

உபதேசியார்தான் நடுவில் வந்தார். மூளையைக் கசக்கி ஒரு தீர்ப்பு சொன்னார். "மேல போட்டிருந்தா சாமியாருக்கு ஆகாது. கழட்டினா ஊருக்கு ஆகாது. ரவிக்கைக்குள்ள போட்டுக்க, அம்மிணி." நீ தாலியை உள்ளே தள்ளிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய்.

ஊருக்கு அது நல்ல வேடிக்கையாகப் போயிற்று. பெரிய கவுண்டர் சந்தைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க உபதேசியாரே, போன மழைக்கு ஓடை எங்க காட்டுப் பக்கம் திரும்புச்சே, அப்ப நானும் புதுப் பங்குங்களா?" என்று கேட்டார். உபதேசியார், "நீங்க முதல்ல ஞானஸ்நானத் தண்ணி ஊத்திக்கிட்டு வாங்க, அப்பறம் எந்தப் பங்குன்னு சொல்றேன்" என்றார். கவுண்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

தாடிச் சாமியாருக்குச் சேதி போய், அவர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குச் சின்னச் சாமியார் கோயிலில் இருந்தார். தாடிச் சாமியார் வண்டியை விட்டு இறங்கி, வடகரையிலேயே நின்றுவிட்டார். அங்கிருந்தபடியே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "சுவாமி, உம்முடைய எல்லைக்குள் நான் வரலாமா?" என்று சத்தமாகக் கேட்டார். சின்னவர் பதறிப்போய் மணலில் இறங்கி ஓடினார். நடு ஓடையில் இரண்டு பேரும் நின்று பேசினார்கள். கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது. பிறகு உங்கள் வீட்டுக்கு வந்து, உன் முன்னால் நின்று சொன்னார். "ஓடை எங்கே ஓடுகிறது, எனக்குத் தெரியும். கோயில் எங்கே நிற்கிறது, அதுவும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை. மன்னித்துக்கொள், சாமி." பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற நம் ஊர்ச் 'சாமி' வெள்ளைக்காரர் வாயில் வந்தது அப்போதுதான். நீ முட்டி போட்டு ஆசீர்வாதம் வாங்கினாய்.

சேலத்திலிருந்து பதில் வருகிறவரைக்கும் நீ அம்மா வீட்டில் இருந்தாய். கடலைக்காய் பறிக்கிற காலம். இரண்டு பேரும் காட்டில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தோம். என் மகன் மண்ணில் தவழ்ந்துகொண்டிருந்தான்.

"அக்கா, இப்ப நான் யாரு? கட்டினவளா, கட்டாதவளா?"

"எனக்கென்னடி தெரியும்? சாமியாருக்கே தெரியாமத்தான் சேலத்துக்குப் போயிருக்காரு."

நீ ஒரு செடியை முழுசாக ஆய்ந்து முடித்துவிட்டுச் சொன்னாய். "கட்டாதவன்னு சொல்லிட்டா, ஆஸ்பத்திரியில என்னை எடுத்துக்குவாங்கதானே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் முழுக்க உனக்குக் கேடு வந்துவிட்டது என்று அழுதுகொண்டிருக்க, உனக்கு மட்டும் ஒரு கதவு திறந்திருந்தது. "உங்கப்பா வெட்டிப்போடுவாரு" என்றேன். "அவரு ஒரு தடவை குடுத்துட்டாரு. ரெண்டாந்தரம் குடுக்கறதுக்கு அவருகிட்ட நான் இல்லை" என்றாய். இந்தப் பேச்செல்லாம் எட்டாவது வரைக்கும் படித்ததால் வருகிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை ஒருநாள் வந்தார். வீட்டுக்கு வராமல் நேராக ஓடைக்கு வந்தார். மணலில் ஊற்றுத் தோண்டி நாம் துணி அலசிக்கொண்டிருந்தோம். நான் எழுந்து போகப் பார்த்தேன். "இருங்க அக்கா" என்றார். கொஞ்சம் தள்ளி மணலில் குந்திக்கொண்டு, கீழே பார்த்துக்கொண்டே பேசினார். அவர் அவ்வளவு பேசி அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

"சின்னச் சாமியார் பட்டறைக்கு வந்திருந்தாரு. சம்மதமான்னு திரும்பக் கேப்பாங்களாம். அப்ப வேண்டாம்னா வேண்டாம்தானாம். நீ நர்சு வேலைக்குப் போகோணும்னு இருந்தியாமா. எனக்கு அது முன்னால தெரியாது. உனக்கு இஷ்டமில்லைன்னா சொல்லிடு. எங்கம்மாகிட்ட நான்தான் வேண்டாம்னேன்னு சொல்லிக்கறேன். ஆம்பளை மேல பழி வந்தா ஒரு மழையில கழுவிட்டுப் போயிடும்."

நீ துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கேட்டாய். "உங்களுக்கு எப்படி?"

"எனக்கா? எனக்குப் புடிச்சுத்தான் இருக்குது."

"அப்பச் சரி, போங்க. யோசிக்கறேன்."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். போகிற வழியில் நம் வாளியை எடுத்து மேட்டில் வைத்துவிட்டுப் போனார்.

பதில் வந்தது. சந்தேகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு பேரும் புதிதாகச் சம்மதம் சொல்லட்டும், ஆர்ப்பாட்டம் வேண்டாம், சாட்சிக்கு இரண்டு பேர் போதும். பெண் பக்கத்துச் சாட்சிக்கு என்னைக் கேட்டார்கள். எனக்குக் கையெழுத்து போட வரும், அதுவே தகுதி. முந்தினநாள் சாயங்காலம் சின்னச் சாமியார் உங்கள் வீட்டுக்கு வந்து, உன் அப்பா அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, என்னை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு உன்னிடம் சொன்னார். "இது சடங்கு இல்லம்மா. நாளைக்கு நீ முழு மனசோட சொல்லணும். மனசு இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. கூட்டிக்கிட்டுப் போய் சிஸ்டருங்ககிட்ட விட வேண்டியது என் பொறுப்பு." நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்றைக்கு ராத்திரி உன் பெட்டி கட்டித்தான் இருந்தது. எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை.

விடிந்ததும் கோயில். மேளம் இல்லை, தோரணம் இல்லை. சின்னச் சாமியார், மாப்பிள்ளை, நீ, நான், மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சியாகப் பட்டறைக்காரர் ஒருத்தர். என் மகன் இடுப்பில். பூசையெல்லாம் லத்தீனில் இருந்த காலம் அது. ஆனால் இந்தக் கேள்வியை மட்டும் தமிழில்தான் கேட்பார்கள். மாப்பிள்ளையைக் கேட்டார். "சம்மதமுங்க" என்றார். உன்னைக் கேட்டார்.

நீ பேசவில்லை.

முதல் கல்யாணத்தில் தாடிச் சாமியார் கேள்வியை முடிக்கிறதற்குள் உன் அம்மா பின்னாலிருந்து இடித்து, நீ சம்மதம் என்று சொல்லிவிட்டாய். இந்தத் தடவை இடிக்க ஆள் இல்லை. சின்னச் சாமியார் திரும்பக் கேட்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. புத்தகத்தை விரித்தபடி நின்றார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கட்டைவிரல் மட்டும் இன்னொரு கையின் காய்ப்பைத் தடவிக்கொண்டே இருந்தது. என் மகன் சிணுங்கினான், வாயைப் பொத்தினேன். நீ சாமியாரையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. கதவு பக்கம் பார்த்தாய். திறந்துதான் இருந்தது.

பிறகு, "சம்மதமுங்க சாமி" என்றாய்.

"சாட்சிக்காரங்களுக்குக் கேட்கணும். இன்னொரு தடவை சொல்லும்மா."

சொன்னாய். சத்தமாகச் சொன்னாய். தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டாய். எல்லாம் முடிந்தது. பெட்டி நாமக்கல் வண்டியில் ஏறியது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மேற்றிராணியார் எல்லையைத் திருத்தி, நம் வீடுகளையும் கோயிலோடு சேர்த்துப் புதுப் பங்கில் போட்டார். தாடிச் சாமியார் கடைசியாக ஒரு பூசை வைத்துவிட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்லிக்கொண்டு போனார். உன் வீட்டுக்காரர் முதலாளியோடு ஒத்துவராமல் நம் ஊருக்கே வந்து ரோட்டோரமாக வண்டிப் பட்டறை போட்டார். மூன்று பிள்ளைகள்.

சின்னச் சாமியார் வேறு மாதிரி ஆள். சாமியார் ஒருத்தர் ஓடி ஓடிப் பங்கைக் காப்பாற்ற முடியாது என்பார். ஊருக்கு ஊர் ஆளைப் பொறுக்கி வேலை கொடுத்தார். பிள்ளை பிறந்தால், ஆள் படுத்தால், குடும்பத்தில் பட்டினி என்றால் தெரிந்து சொல்ல ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்றார். நம் ஊருக்கு உன்னைத்தான் போட்டார். சொல்வதோடு நீ எங்கே நின்றாய்? பஞ்சும் நீல மருந்தும் வைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புண் கழுவினாய், பிரசவத்துக்குப் போனாய். நம் வேதம், அவர்கள் வேதம் என்று பார்த்ததில்லை. கவுண்டர் வீட்டு மருமகளுக்கு ரத்தம் நிற்காமல் போனபோது வண்டியில் போட்டு நாமக்கல்லுக்குக் கொண்டுபோனவள் நீ. பூசை தமிழுக்கு மாறினபோது சரியாகப் படிக்க வராத எங்களுக்கெல்லாம் பதில் சொல்லிக் கொடுத்தவளும் நீதான். பங்கு என்றால் எனக்கு முன்னால் சாமியாரும் கோயிலும்தான். பிறகு, ஒருத்தர் வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் இன்னொருத்தருக்குத் தெரிகிறதே, அதுதான் என்று பட்டது. நான் சொன்னால் சிரிப்பார்கள். சொல்வதில்லை.

உன்னை அதே சேலத்து ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். வயிற்றில் கட்டி. அறுத்துப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். நான் உன் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டேன். நர்சுப் பிள்ளைகள் வெள்ளைப் புடவையில் வருவதும் போவதும் பார்த்துக்கொண்டே இருந்தாய். ஒரு பிள்ளை ஊசி போட வந்தது. "இவ கை நடுங்குது பாரு, அக்கா. புதுசு" என்றாய். அந்தப் பிள்ளையிடம், "பயப்படாதே சாமி, எனக்கு வலிக்காது, குத்து" என்றாய். சம்மதம் சொல்வதற்கு முன்னால் நீ நின்றாயே, அதை அன்றைக்குக் கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

அடக்கத்துக்கு எல்லாத் தெருவிலிருந்தும் வந்தார்கள். பெரிய கவுண்டர் கல்லறைத் தோட்டத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மாசப் பூசை முடிந்ததும் இப்போதிருக்கிற பங்குச் சாமியார், "இனி இந்த ஊருக்கு யார்?" என்று கேட்டார். உன் பை எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது, அதனால் நான் கை தூக்கினேன். புண்ணைப் பார்த்தால் எனக்கு இப்போதும் குமட்டுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவுகிறேன். போன வாரம் ஒரு பிரசவத்துக்குப் போய்த் தண்ணீர் காய்ச்சி வைத்ததோடு சரி. ஆனால் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நீ எனக்கு விட்டுப் போனது இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்து நான் கதவைச் சாத்தப் போனபோது உன் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். எல்லாரும் போகட்டும் என்று நின்றிருக்கிறார்.

"அக்கா, நீங்க அன்னைக்கு அவ பக்கத்துல நின்னீங்க. சாமியார் கேட்டதும் அவ சும்மா நின்னாளே. என்னத்த நினைச்சா?"

"இத்தனை வருசம் கூட இருந்தீங்களே மாப்பிள்ளை. அவளையே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா சொல்லிடுவாளோன்னுதான் கேக்கலை."

அவர் அழவில்லை. நானும் அழவில்லை. "யோசிச்சுச் சொல்றேன், போங்க" என்று அனுப்பிவிட்டேன். "உங்களைத்தான் நினைச்சிருப்பா" என்று சொல்லிவிடலாம். அந்த மனுசனுக்கு அது போதும், நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் நான் சாட்சிக்காரி. பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். நான் பார்த்தது நீ திறந்திருந்த கதவைப் பார்த்ததை மட்டும்தான். அவர் மறுபடியும் வருவார், வாசலில் நிற்பார். சாமியார் கேட்டதற்கும் நீ சம்மதம் என்றதற்கும் நடுவில், தவுட்டு, நீ எங்கே போய்விட்டு வந்தாய்?